சனி நிற்கும் கட்டம்

ஒரு ஜாதகம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது சனியை. பெயர், நட்சத்திரம் எல்லாம் அப்புறம்தான். சனி ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம் ஆகும். பன்னிரண்டையும் சுற்றிவர முப்பது வருஷம். குரு ஒரு ராசியில் ஒரு வருஷம் இருப்பார். இந்த இரண்டும் நிற்கும் இடம் தெரிந்தால் பிறந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம். மேலே எழுதியிருக்கும் தேதியை மாற்றுகிறவர்கள் கட்டத்துக்குள் கை வைப்பதில்லை. அதை மாற்றினால் பொருத்தமே தப்பாகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

போன ஆவணியில் பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு தாய் மகனுடைய ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பிறந்த வருஷம் 1988 என்று எழுதியிருந்தது. எண்பத்தெட்டில் பிறந்தவருக்குச் சனி தனுசில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்திலோ சனி துலாத்தில், குரு தனுசில். அப்படி நின்றது 1984-இல்.

“பையனுக்கு நாப்பது தாண்டியிருச்சுங்களே” என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முப்பத்தேழுன்னு சொன்னாலே போனை வெச்சர்றாங்க அம்மிணி. நாப்பத்தொண்ணுன்னு நான் எந்த வாயில சொல்லட்டும்?”

சனியை வைத்து வயதைக் கண்டுபிடிக்கும் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் அவர் கல்யாணத் தரகர். பெண்களின் ஜாதகத்துக்காகத்தான் அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தார். நான் மருமகளாக வந்த 1980-களின் தொடக்கத்தில், வயது குறைத்து எழுதிய ஜாதகம் என்றால் அது பெண்ணுடையதாகத்தான் இருக்கும். இருபத்தேழை இருபத்துநாலாக்கியிருப்பார்கள். ஆணின் வயதை மறைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. இன்று என் மேஜைக்கு வரும் திருத்திய ஜாதகங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. இந்தத் தொழிலில் நான் பார்த்த மாற்றங்களில் பெரியது இதுதான். பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

மாமனார் சைக்கிளில் போவார். ஹேண்டில்பாரில் மஞ்சப்பை, அதற்குள் சுருட்டிய ஜாதகங்கள். சந்தை கூடும் நாளில் சந்தைக்குப் போனால் பத்து ஊர்ச் சேதியும் அங்கேயே கிடைத்துவிடும். எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்தக் கூட்டம் (குலப் பிரிவு), தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மாமியாரின் வாய் எப்படி என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரே கூட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பதால் கூட்டத்தை முதலில் கேட்டுவிடுவார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் இரண்டு நீளப் பதிவேடுகளைக் கொடுத்தார். ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவரால் சைக்கிள் மிதிக்க முடியாமல் போன பிறகு ஈரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் திருமணத் தகவல் மையம் என்று பலகை மாட்டினேன். பதிவேடுகள் இன்னும் என் இரும்பு பீரோவில் இருக்கின்றன.

அவருடைய பழைய பக்கங்களில் பெண்களின் வயது பதினேழு, பதினெட்டு என்றே ஓடும். 1978-இல் சட்டம் திருத்தப்பட்டு, பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்று ஆனது. அதற்குப் பிந்தைய பக்கங்களில் பதினெட்டுக்குக் குறைந்த பெண்ணே கிடையாது. ஊரில் பதினாறில் தாலி கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பதிவேட்டில் மட்டும் எல்லோருக்கும் பதினெட்டு நிறைந்திருந்தது. ஆனாலும் இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்பிருந்தே கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. நாடு முழுவதும் சேர்த்துப் பெண்களின் சராசரித் திருமண வயது பதினாறை ஒட்டி இருந்த 1961 கணக்கெடுப்பிலேயே இங்கே அது பதினெட்டை ஒட்டி வந்துவிட்டது. 1981-இல் இருபதைத் தாண்டியது.

சராசரி ஏறியது நல்ல சேதிதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் பெண்கள் பதிவேட்டைத் திறந்தால் ஒரே பெயர் மூன்று நான்கு வருஷத்துப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். சென்னிமலையில் தறி நெய்கிற வீடு ஒன்று. மூன்று பெண்கள். மூத்தவள் தறியில் உட்கார்ந்து போர்வை நெய்த கூலியில்தான் குடும்பமே சாப்பிட்டது. அவளுக்கு வந்த வரன்கள் பவுன் பேச்சில் நின்றுபோயின. இரண்டாமவளைக் கேட்டு ஒரு நல்ல இடம் வந்தபோது அப்பா மூத்தவளிடம்தான் சம்மதம் கேட்டார். அவள் தறியிலிருந்து எழாமலே தலையாட்டினாள். தங்கை போனாள், அடுத்தவளும் போனாள். மூத்தவளின் பெயருக்கு எதிரே மாமனார் வயதை அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறார். 26, 27, 29. கடைசித் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அடுத்த பதிவேட்டுக்கு ஏறவில்லை.

இப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதைகள் முதிர்கன்னி என்று எழுதின. ஜன்னல் கம்பி, கண்ணீர், நரைத்த ஒற்றை முடி. எனக்கு அந்தக் கதைகள் மேல் கோபம் உண்டு. அந்தப் பெண்கள் ஜன்னலோரம் நிற்கவில்லை. தறியிலும் மில்லிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்து இரண்டு மூன்று கல்யாணங்களை நடத்திக்கொடுத்தார்கள்.

ஏன் அத்தனை பெண்கள் காத்திருந்தார்கள்? ஊரில் வரதட்சணை என்பார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் பக்கம் பவுன் கணக்கு ஏறியது. பையன்களுக்கு மட்டும் அப்படி ஒரு கிராக்கி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறந்த வருஷங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். 1955-இல் பிறந்த பையனுக்கு ஆறேழு வயது இளைய பெண்ணாக, 61, 62-இல் பிறந்தவளாகத் தேடினார்கள். அது வருஷத்துக்கு வருஷம் பிறப்பு கூடிக்கொண்டிருந்த காலம். பிறந்த குழந்தை பிழைப்பதும் கூடிக்கொண்டிருந்தது. ஆகவே 55-இன் பையன்களைவிட 61-இன் பெண்கள் எண்ணிக்கையில் அதிகம். எல்லோரும் ஆறு வயது வித்தியாசம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் ஒவ்வொரு வருஷமும் சில பெண்களுக்குப் பையன் இருக்க மாட்டான். மிஞ்சப்போவது தன் மகளாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தகப்பனும் ஒரு பவுன் கூட்டினார். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை வேறு வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது பதிவேட்டில் தெரிந்தது.

அந்தப் பவுனைச் சம்பாதிக்கப் பெண்களையே அனுப்பிய காலமும் உண்டு. எங்கள் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். விடுதியில் தங்க வேண்டும், ஷிப்டு பார்க்க வேண்டும், முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கைக்கு வரும். உடம்பு முடியாமல் நடுவில் வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை வரவில்லை. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு வந்த பெண்ணின் ஜாதகத்தைப் பதிந்துகொண்டிருக்கிறேன். அவளுடைய அம்மா என்னிடம் கேட்ட ஒரே விஷயம், இருமலைப் பற்றி யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்பது.

ஐம்பது வயதைக் கடந்த, கல்யாணமாகாத ஏழைப் பெண்களுக்கென்று தமிழக அரசு ஒரு மாத ஓய்வூதியம் வைத்திருக்கிறது. என் பழைய பதிவேட்டுப் பெயர்களில் சிலர் இப்போது அதை வாங்குகிறார்கள். அப்படி ஒரு திட்டம் தேவைப்படும் அளவுக்கு அவர்கள் இருந்தார்கள் என்பதை அரசாவது எழுதி வைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆண்கள் பதிவேடு தடிக்கத் தொடங்கியது 2000-க்குப் பிறகு. முதலில் நான் அதைக் கவனித்தது வருகிறவர்களை வைத்து. வரன் தேடி வருகிறவர்கள் முன்பெல்லாம் பெண் வீட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், தரகர்தான் போக வேண்டும். மெல்ல மெல்ல என் மாடிப்படியில் ஏறி வருகிறவர்கள் எல்லாம் பையனைப் பெற்றவர்கள் ஆனார்கள். பையனின் வயது 28 என்பது 31 ஆகி, 34 ஆகி, இப்போது நாற்பதைச் சுற்றி நிற்கிறது.

அதே கணக்கு, திருப்பிப் போட்டது. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள். 1990-களின் நடுவில் அது இரண்டாகிவிட்டது. 84-இல் பிறந்த பையனுக்கு 90-இல் பிறந்த பெண்ணைத் தேடினால், 90-இல் பிறந்த குழந்தைகளே குறைவு. இந்த வருஷம் அமையாத பையன் அடுத்த வருஷமும் தேடுவான்; அப்போது அவனுக்கு இளையவர்களும் சேர்ந்து தேடுவார்கள். இப்படிப் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் என்னிடம் பதிந்த பையன்களின் விவரத்தில் “ஒரே பையன், கூடப் பிறந்தவர்கள் இல்லை” என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொத்து பிரியாது, நாத்தனார் தொல்லை இல்லை. அந்த வார்த்தைக்கே வரன் குவியும். அந்த வருஷங்களில் பிள்ளை பெற்ற பல வீடுகளில் ஒரு பையனோடு நிறுத்திக்கொண்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு அதைச் சாத்தியமாக்கியது, அதில் குற்றமில்லை. ஆனால் சில வீடுகளில் அந்த ஒரே பையனுக்கு முன்னால் ஒரு பெண் வந்திருந்தாள், ஸ்கேன் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், அல்லது பிறந்த பிறகு முடிவெடுத்தார்கள். பக்கத்து சேலம் மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மாநில அளவில் 942. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. அந்த வருஷங்களில் பிறந்திருக்க வேண்டிய பெண்களுக்கு இன்று முப்பதைச் சுற்றி வயது இருக்கும். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து “பொண்ணே கிடைக்கறதில்லைங்க” என்று சொல்லும் தாய்மார்களில் ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அவர்களில் யார் முடிவெடுத்தார்கள், யார் மாமியாரின் முடிவுக்கு அழுதுகொண்டே உடன்பட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எழுதும்போது மறைக்க மாட்டேன்.

கீழ்பவானிக் கால்வாய் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடுகிறது. அணையில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது, கடைமடைதான் காயும். பெண்கள் குறைந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர், அரசு வேலைக்காரர் இவர்களுக்கு இன்றும் தட்டுப்பாடில்லை. அவர்களில் சிலர் வீட்டில் இன்றும் பவுன் பேசுகிறார்கள். காய்ந்தது தோட்டத்துப் பையன், பள்ளிபாளையத்து விசைத்தறிப் பையன், ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடநாட்டில் போர்வெல் போடும் திருச்செங்கோட்டுப் பையன். கல்யாணச் செலவு முழுக்க எங்களுடையது, பெண்ணுக்கு நகையும் நாங்களே போடுகிறோம் என்று இந்த வீடுகள் சொல்கின்றன. அப்படியும் அமைவதில்லை.

என் படிவத்தில் எதிர்பார்ப்பு என்று ஒரு கட்டம் உண்டு. எண்பதுகளில் பெண் வீட்டார் அதில் முதலில் சொல்வது, தோட்டம் காடு உள்ள இடம். இப்போது சொல்வது, தோட்டம் இருக்கணும், ஆனா மாப்பிள்ளை தோட்டத்துல இருக்கக் கூடாது. இதை வைத்துப் பெண்களைத் திட்டாத ஆள் எங்கள் ஊரில் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில் இதே பேச்சுதான். படிக்க வைத்ததால் வந்த வினை என்பார்கள்.

ஒரு முறை பி.இ. முடித்த ஒரு பெண்ணிடம் தோட்டத்துப் பையன் ஒருவரின் ஜாதகத்தைக் காட்டிப் பேசிப் பார்த்தேன். நல்ல பையன், குடிப் பழக்கம் இல்லை, பத்து ஏக்கர், சொட்டு நீர் போட்டிருக்கிறார். அவள் என்னிடம் மரியாதையாகக் கேட்டாள்: “ஆன்ட்டி, தோட்டம் எனக்குப் பிரச்சினை இல்லைங்க. காலையில அஞ்சு மணிக்கு சொசைட்டிக்குப் பால் ஊத்தறதுக்கு எந்திரிச்சு மாட்டுக்கிட்டப் போறது யாருங்க, அவரா நானா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.” பையனின் அம்மாவிடம் கேட்டேன். “பொம்பளை வேலையை ஆம்பளை செய்வானாங்க?” என்றார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. விவசாயம் கேவலம் என்று அவள் சொல்லவில்லை. தன் அம்மாவின் முதுகு அவளுக்குத் தெரியும். அவள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல முடிந்த தோட்டத்துப் பையன்கள் சிலருக்கு நான் படித்த பெண்களையே முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பெண்கள் காத்திருந்த காலத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் அரசுத் திட்டத்தின் வரலாறே போதும். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி வந்தது, தொகை ஐயாயிரம். பெண் பள்ளியில் படித்திருக்க வேண்டும், பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே பள்ளியை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். 2011-இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டம் முடித்த பெண்ணுக்கு ஐம்பதாயிரம். உடனே என்னிடம் பதிந்திருந்த சில வீடுகளில் “டிகிரி முடியட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்கள். 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் கணக்கிலேயே போகிறது. தாலித் தங்கம் போய்ப் படிப்புப் பணம் வந்தது. கல்யாணத்தை நம்பித் தொழில் செய்பவள் நான்; இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இருந்தாலும் எல்லாப் பெண்களும் அந்த வண்டியில் ஏறிவிடவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் இருபது முதல் இருபத்துநான்கு வயது வரையிலான பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள். எட்டில் ஒருத்தி. அவர்களுடைய ஜாதகம் என்னைப் போன்றவர்களிடம் வருவதில்லை. பெண்களுக்கும் திருமண வயதை இருபத்தொன்று என்று ஆக்க 2021 டிசம்பரில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, 2024-இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. என்னிடம் பதியும் பெண்களில் இருபத்துமூன்றுக்குக் கீழே இப்போது அநேகமாக யாரும் இல்லை. சட்டம் வந்திருந்தாலும் இவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. எனக்குக் கவலை வேறு. பெண் கிடைக்காத நாற்பது வயதுக்காரர்களின் வீட்டார், ஏழை வீட்டுப் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் காட்டி “அவங்க சம்மதிப்பாங்க, நீங்க பேசுங்க” என்று வருகிறார்கள். பத்து வயதுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் ஜாதகத்தைக் கையில் கொடுப்பதில்லை. கமிஷன் இரண்டு மடங்கு என்றாலும் கொடுப்பதில்லை.

பெண் கிடைக்காத வீட்டாரில் சிலர் பாலக்காடு போனார்கள். அங்கிருந்து பெண் கொண்டுவரத் தனித் தரகர்களே உருவானார்கள். முதலில் ரகசியமாக, பிறகு பஸ் பிடித்துக் கும்பலாக. அப்படி வந்து தமிழ் கற்றுக்கொண்டு, மஞ்சள் வேக வைக்கவும் பட்டி மாடு பார்க்கவும் பழகி, நன்றாகக் குடும்பம் நடத்தும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தரகரிடம் லட்சக்கணக்கில் ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். என்னை உறுத்துவது இன்னொன்று. பக்கத்துத் தெருப் பெண்ணை மகன் விரும்பினான் என்பதற்காகச் சாதி சொல்லி அடித்துப் பிரித்த ஒரு வீடு, எட்டு வருஷம் கழித்து, எந்தச் சாதி என்றே கேட்காமல் மலையாளப் பெண்ணைக் கட்டிவைத்தது. அந்தப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இந்தத் தட்டுப்பாடு எங்கள் ஒரு சமூகத்துக்கு மட்டும் வந்ததும் அல்ல. தமிழ்நாட்டுப் பிராமணர் சங்கம் 2021-இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேட ஏற்பாடு செய்யப்போவதாக அறிவித்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சாதிக்குள்ளேயே தேடுவது என்ற வேலியைப் போட்டு, அந்த வேலிக்குள் ஆள் இல்லை என்று அழுகிறோம். என் தொழிலே அந்த வேலியை நம்பி நடப்பது. படிவத்தின் முதல் வரி இன்னும் சாதிதான்; அதை எடுத்துவிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பதும் உண்மை.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஜாதகத்தைப் பழிப்பது எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. செவ்வாய், ராகு கேது, களத்திர தோஷம், குருபலன் இன்னும் வரவில்லை. திருமணஞ்சேரிக் கோயிலுக்குப் போய் மாலை வாங்கி வந்தோம் என்பார்கள். நம்பிக்கையோடு போகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் நாள் முழுக்கக் கட்டம் பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நூறு ஜாதகத்தில் எத்தனைக்குச் செவ்வாய் தோஷம் இருந்ததோ அதே அளவுதான் இன்றைக்கும் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வேறுபாடில்லை. மூல நட்சத்திரத்தில் பிறக்கிறவர்களும் கூடவில்லை, குறையவில்லை. தோஷம்தான் காரணம் என்றால் அன்றைக்கு ஏன் பெண்கள் மட்டும் காத்திருந்தார்கள், இன்றைக்கு ஏன் ஆண்கள் மட்டும் காத்திருக்கிறார்கள்? கிரகங்களுக்கு அப்படி ஓரவஞ்சனை கிடையாது. பிறந்தவர்களின் எண்ணிக்கையும், ஐந்தாறு வயது வித்தியாசம் என்ற பிடிவாதமும், பெண்ணுக்குக் கிடைத்த படிப்பும், தோட்டத்து வீட்டில் அவளுக்காக வைத்திருக்கும் வேலையும்தான் காரணம். இவற்றில் எதுவும் அந்த நாற்பத்தொரு வயதுக்காரர் செய்தது அல்ல. அந்தத் தறிக்காரப் பெண் செய்ததும் அல்ல. அன்று அவளை ராசியில்லாதவள் என்றார்கள். இன்று இவருக்கு ஏதோ குறை இருக்கும் என்று காதைக் கடிக்கிறார்கள். விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஆண்களை எனக்குத் தெரியும். “இன்னும் ஆகலையா?” என்ற கேள்விக்குப் பயந்து தங்கை மகளின் சீருக்குக்கூடப் போகாத தாய்மாமன் அவர்களில் ஒருவர்.

இணையம் வந்தது எங்கள் தொழிலை அழித்துவிட்டது என்று மற்ற தரகர்கள் சொல்வார்கள். 1990-களின் கடைசியில் ஒரு தமிழர் தொடங்கிய தளம்தான் இந்தியா முழுக்கப் பெரிதாக வளர்ந்தது. எனக்கு வருத்தம் வருமானத்தில் இல்லை. தளத்தில் வயது 30 வரை என்று அமைத்துவிட்டால் முப்பத்தொரு வயதுக்காரர் கண்ணிலேயே பட மாட்டார். மாமனார் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “வயசு ரெண்டு கூடங்க, ஆனா அந்தப் பையன் தாயைப் பார்த்துக்கற விதத்தைப் பார்த்தீங்கன்னா” என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதற்கு நடுவில் மாறவே மாறாது என்று நினைத்த சிலது மாறிவிட்டது. மறுமணத்துக்கென்று மாமனாரிடம் தனிப் பதிவேடே இல்லை. விதவை மறுமணத்துக்கு அரசு 1975-இலேயே தர்மாம்பாள் அம்மையார் பெயரில் உதவித்தொகை வைத்தும் எங்கள் பக்கம் அதைக் கேட்டு வந்தவர்கள் அபூர்வம். ஆண் என்றால் மனைவி இறந்த பதினாறாம் நாளே பேச்சு எடுப்பார்கள். பெண் என்றால் கதை முடிந்தது. இப்போது கணவனை இழந்த பெண்ணின் மாமியாரே அவள் ஜாதகத்தைக் கொண்டுவருகிறார். விவாகரத்தான, குழந்தையோடு இருக்கும் பெண்ணை, முதல் கல்யாணத்துக்கு நிற்கும் முப்பத்தெட்டு வயதுக்காரர் மனமாரக் கேட்டு வருகிறார். தட்டுப்பாட்டால் வந்த மனமாற்றம்தானே என்று ஒரு தோழி சொன்னாள். எதனால் வந்தால் என்ன, அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயர் எழுத வந்தவர் அவர்தான்.

காத்திருக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. முப்பத்தெட்டு வயது ஆசிரியை ஒருவர் நேரில் வந்து, அம்மா தனக்குத் தெரியாமல் பதிந்திருக்கிறார், எடுத்துவிடுங்கள் என்றார். பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார், வீடு கட்டியிருக்கிறார், வருஷம் ஒரு முறை தோழிகளோடு ஊர் சுற்றுகிறார். எதுவும் குறையாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. அவர் எதிரிலேயே அட்டையைக் கிழித்துப் போட்டேன். எண்பதுகளில் ஒரு பெண் இப்படித் தானே படியேறி வந்து சொல்லியிருக்க முடியாது.

போன வருஷம் என் படிவத்தை மாற்றி அச்சடித்தேன். பெற்றோர் எண்ணோடு பையன், பெண் இருவரின் சொந்த போன் எண்ணும் கட்டாயம். பிறந்த வருஷத்துக்குப் பக்கத்திலேயே சனி, குரு நிற்கும் ராசி எழுத ஒரு கட்டம். வீட்டு வேலை, மாடு, சமையல் இவற்றில் பையன் எதைச் செய்வார் என்று ஒரு வரி. வயது என்ற இடத்தில் புதிதாக ஒரு கேள்வி: பெண் ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருந்தால் சம்மதமா? இந்த வித்தியாசப் பிடிவாதம் தளர்ந்தால் இரண்டு பக்கமும் தேடும் வட்டம் விரியும், பாக்கி கொஞ்சமாவது குறையும் என்பது என் கணக்கு. படிவம் நிரப்புகிற தாய்மார்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள். சாயங்காலம் பையனுக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்கிறேன். “எனக்குச் சம்மதம்தானுங்க அக்கா, அம்மாகிட்ட நீங்களே பேசிருங்க” என்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். போன தை மாதம் அப்படி ஒரு கல்யாணம் சிவகிரியில் நடந்தது. பெண்ணுக்கு முப்பத்துநான்கு, பையனுக்கு முப்பத்துமூன்று. பெருந்துறைக்காரருக்கு முப்பத்தொன்பது வயதில் ஒரு வங்கி ஊழியரைச் சொல்லியிருக்கிறேன். இரு வீட்டுக்கும் உண்மையான வயதைச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.